சிவகங்கைக் கண்மாயில் கிடைத்த தோட்டா உறைகள் மருது பாண்டியர் காலத்தவையா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வற்றிய கண்மாயின் உள்வாயில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் ஐந்து பொருள் கிடைத்தது, தாத்தா "மருது பாண்டியர் சண்டையில் வெள்ளைக்காரன் சுட்டது" என்கிறார், கல்லூரி நண்பர் ஒருவர் "1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சுட்டது" என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துப்பாக்கி, எவ்வளவு பழசு என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: இது நம் ஊர் வரலாற்றின் சாட்சியா இல்லையா என்பது. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன். ஆனால் முதல் கேள்விக்குச் சொல்வது போல இரண்டாவதற்கு அடித்துச் சொல்ல முடியாது, ஏன் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு அவசரம். நான்காவது படத்தில் இருப்பது காலி உறை இல்லை. கழுத்துக்குள் மண் அடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது மண் ஒட்டிய ரவை, அதாவது சுட்டால் பாய்ந்து போகும் குண்டு, மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அடிப்பக்கத்து நடுவில் இருக்கும் பிரைமரில், துப்பாக்கியின் ஊசி குத்தினால் தீப்பொறி தரும் சிறு மூடி அது, நாங்கள் கேப் என்போம், குழியும் இல்லை. அப்படியென்றால் அது சுடப்படாத தோட்டா. எண்பது வருடம் தண்ணீரில் கிடந்தது, செத்துப்போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஈரம் ஏறாமல் அரக்குப் பூசி அடைத்த சரக்கு அது. பிரைமர் மருந்து பழசானால் சாதுவாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரவையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், சுத்தியல் வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போக வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போகாதபடி பார்த்துக்கொண்டு, 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். இதை முடித்துவிட்டு மீதியைப் படித்தால் போதும்.

சரி, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காவல்துறை ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவராக, இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். த்ரீ நாட் த்ரீ (303) ரைஃபிள்களைப் பிரித்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டியே என் பாதி வாழ்க்கை போனது. வரலாற்றுப் படிப்பு படித்தவன் இல்லை. ஆகவே உலோகத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம், ஊர்க்கதையைப் பற்றிச் சொல்வதை உங்கள் பேராசிரியரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாத்தா சொன்னது. அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள், ஆனால் இதில் சந்தேகமே இல்லை: பித்தளை உறை எதுவும் மருது சகோதரர்கள் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அன்றைக்குக் கம்பெனிப் படை வைத்திருந்தது குழலின் வாய்வழியாக மருந்து இடிக்கும் மஸ்கெட் துப்பாக்கி. ஒரு காகிதப் பொட்டலத்தில் மருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளி, கம்பியால் இடித்து, சிக்கிமுக்கிக் கல் தெறிக்கும் பொறியில் சுடுவான். காகிதம் எரிந்துவிடும், மிச்சம் எதுவும் தரையில் விழாது. 1857 கலகத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கொழுப்புத் தடவிய தோட்டாவும் இப்படிக் காகிதத் தோட்டாதான். பித்தளை உறை பிரிட்டிஷ் படைக்கு வந்தது 1860களின் பிற்பாதியில், ஸ்நைடர் ரைஃபிளோடு. நடுவில் அறுபது வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

உங்கள் பகுதியில் உண்மையிலேயே 1801-இன் மிச்சம் இருந்தால் அது உருண்டையான ஈயக் குண்டாக இருக்கும், ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் குறுக்களவு, முப்பது கிராம் எடை, மேலே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம். அல்லது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அது பெரிய விஷயம், எடுத்த இடத்தை மறக்காமல் குறித்துவையுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பதற்கு வருவோம். முதல் படத்தில் இருக்கும் இரண்டு உறைகள், பாட்டில் மாதிரித் தோளும் கழுத்தும் உள்ளவை. ஒன்றை அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த களிம்புப் படலத்தோடு எழுத்தின் விளிம்பையும் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும். பித்தளை மஞ்சளாக வராமல் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அது துத்தநாகம் வெளியேறிய இடம். போனது போகட்டும், மற்ற உறையில் புளி படவே வேண்டாம். வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, பழைய மெல்லிய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கத்தை மட்டும் மெதுவாகத் தட்டி எடுங்கள், எழுத்துக்குள் இருக்கும் மண்ணுக்கு வேப்பங்குச்சியின் நுனி போதும். ஊசி கூடாது. பிறகு ஈரம் காய்ந்ததும் ஒரு சிட்டிகை முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ அடியில் தேய்த்து விரலால் துடைத்தால், எழுத்துப் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கல்வெட்டில் மாவு தடவிப் படிப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். அதற்கும் மசியாவிட்டால் இருட்டு அறையில் மொபைல் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பிடித்து, உறையை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த அடிப்பாகம் ஒரு கோணம் வந்ததும் திடீரென்று எழுத்து எழுத்தாக நிழல் காட்டும். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் அந்த ஒரு கணம் எனக்கு அலுக்கவில்லை.

புளியில் தப்பித்த உறையில் நீங்கள் படித்து எழுதியது: கே, நடுவில் காக்கைக் கால் மாதிரி ஒரு அம்பு, எஃப், அப்புறம் 42, அப்புறம் ரோமன் எழுத்தில் ஏழு. நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஸ்கேல் வைத்து அளந்த நீளம் 56 மில்லிமீட்டர், அடி விளிம்பு பதிமூன்றரைக்குக் கொஞ்சம் கூட என்கிறீர்கள். 303 உறையின் கணக்கு 56.4 நீளம், விளிம்பு 13.7, கழுத்தின் வெளி அளவு 8.6. வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி இல்லாமல் ஒரு சோதனை: சாதாரணப் பென்சில் ஒன்றைக் கழுத்துக்குள் விட்டுப் பாருங்கள், கொஞ்சம் ஆட்டத்தோடு உள்ளே போக வேண்டும். போனால் சந்தேகமே வேண்டாம், த்ரீ நாட் த்ரீதான். அடியில் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அதற்கு அடையாளம். பின்னால் வந்த எஸ்.எல்.ஆர். போன்ற ரைஃபிள்களின் 7.62 தோட்டாக்களுக்கு விளிம்பு வெளியே நீட்டாது, உடம்போடு சமமாக இருக்கும், அதற்கு மேலே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். தூரத்திலிருந்து பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

எழுத்துகளின் பொருள் இது. கே, எஃப் என்றால் புனே பக்கத்தில் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை, பீரங்கி முதல் கூடாரக் கம்பம் வரை எல்லாவற்றிலும் குத்துவார்கள். 42 என்றால் 1942-இல் செய்தது. ரோமன் ஏழு என்றால் ஏழாம் மார்க், ஏழாவது வடிவம், அதாவது 1910-இல் ஏற்றுக்கொண்ட கூர்முனை ரவை போட்ட தோட்டா. அந்த ரவை 174 கிரெயின், நம் கணக்கில் சுமார் பதினொன்றே கால் கிராம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944, 45 வாக்கில், ரோமன் எண்ணை விட்டுவிட்டுச் சாதாரண 7 போட ஆரம்பித்தார்கள். ஆகவே ரோமன் எண்ணும் 42-உம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, படித்ததில் தவறில்லை. உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு சிறு மேடும், அதன் இரு பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டையும் தெரியும். நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் போர்க்காலத்தில் அமெரிக்காவிலோ கனடாவிலோ செய்து வந்த சரக்காக இருக்கும். உங்களுடையதில் இரண்டு இருக்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். இந்த உறைக்குள் இருந்த மருந்து தூள் இல்லை, சேமியா மாதிரி நீளநீளமான இழைகள், கார்டைட் என்று பெயர். இந்தியாவில் அதைச் செய்ய 1903-இல் நிறுவியதுதான் நீலகிரியில் இருக்கும் அருவங்காடு தொழிற்சாலை. உங்கள் உறையின் மருந்து அங்கிருந்துதான் போனது என்று உறை சொல்லாது, ஆனால் 1942-இல் கிர்க்கியில் அடைத்த தோட்டாவுக்கு அந்தச் சாத்தியம் அதிகம். நீலகிரியில் பிறந்து, புனே போய், சிவகங்கைக் கண்மாயில் வந்து வெடித்த மருந்து என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

இங்கேதான் உங்கள் நண்பர் துள்ளிக் குதிப்பார். "42 என்று போட்டிருக்கிறது, பார்த்தீர்களா!" என்பார். பொறுங்கள். உறையின் அடியில் இருப்பது பிறந்த வருடம். சுட்ட வருடம் அதில் எங்கேயும் இல்லை. தோட்டா அரிசி மாதிரி இல்லை தம்பி, அந்த வருடம் விளைந்ததை அந்த வருடமே தின்று தீர்க்க. போர் முடிந்தபோது கிடங்குகளில் மலை மலையாகத் தோட்டா மிஞ்சியது. சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம், போலீஸ், 1948-இல் தொடங்கிய என்.சி.சி. என்று எல்லோரும் பயிற்சிக்கு அதைத்தான் சுட்டார்கள். த்ரீ நாட் த்ரீ ரைஃபிளே எவ்வளவு காலம் ஓடியது தெரியுமா, உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில். நான் பணியில் சேர்ந்த புதிதில் நாற்பதுகளின் எண் குத்திய தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து கொடுத்திருக்கிறேன், பாதிக்கு மேல் ஒழுங்காகச் சுட்டன.

அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 1942-க்கு முன்னால் சுட்டிருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் சுட்டிருக்கலாம். தேவகோட்டையிலும் திருவாடானையிலும் 1942 ஆகஸ்டில் போராட்டம் நடந்தது உண்மை, துப்பாக்கிச் சூடும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு கிர்க்கியில் செய்து, ரயிலேற்றி, மெட்ராஸ் கிடங்கில் இறக்கி, மாவட்டத்துக்குப் பிரித்து, ஆகஸ்டுக்குள் ஒரு போலீஸ்காரர் பையில் வந்து சேர்வதா? அதுவும் போர் முனைக்கே தோட்டா போதாமல் இருந்த வருடத்தில்? நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் அதை நம்பவில்லை. 1930களின் எண் குத்திய உறை கிடைத்திருந்தால் நண்பரின் வாதத்துக்கு அது இதைவிட வலுவாக இருந்திருக்கும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஆயுதக் கிடங்கில் இருந்தவர்களுக்கு உடனே புரியும்: போலீஸ் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான்.

உறையை விட அது கிடந்த இடம் அதிகம் பேசும். நீங்கள் படத்தில் காட்டிய அந்தக் கண்மாய்க் கரை உயரமாக, நீளமாக, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. நிரந்தர ஃபயரிங் ரேஞ்ச் இல்லாத ஊர்களில் கோடையில் வற்றிய கண்மாய்க்குள் நின்று கரையைப் பார்த்துச் சுடுவது வழக்கம்தான், நானே இப்படிப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். காலி உறை சுட்டவன் காலடியில் விழும், ரைஃபிளின் வலப்பக்கம் தெறித்து விழும். ரவை போய் எதிரே கரையில் புதையும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, உறை கிடைத்த இடங்களை ஒரு தாளில் குறியுங்கள். அவை கரைக்கு இணையாக ஒரே வரிசையில் வருகின்றனவா? அந்த வரிசையிலிருந்து கரை வரைக்கும் நூறு கெஜமோ இருநூறு கெஜமோ வருகிறதா? மழை அரித்த கரைச் சரிவில் நசுங்கிய செம்பு நிற ஓடும் ஈயத் துண்டும் கண்ணில் படுகின்றனவா? தோண்ட வேண்டாம், மேலே தெரிவதைப் பார்த்தால் போதும். இந்த மூன்றுக்கும் "ஆமாம்" என்று வந்தால் அது பயிற்சித் தளம். மக்கள் கூட்டத்தின் மீது சுட்ட இடத்தில் உறைகள் தெருவிலோ தாலுகா கச்சேரி வாசலிலோ கிடைத்திருக்கும், கண்மாய் உள்வாயில் கிடைக்காது.

இவ்வளவு பேர் சுட்டிருந்தால் 303 உறை ஏன் இரண்டே இரண்டு கிடைத்தது என்று கேட்பீர்கள். காரணம், காலி உறைக்குக் கணக்கு உண்டு. ஐம்பது தோட்டா கொடுத்தால் ஐம்பது காலி திரும்பி வர வேண்டும், அப்போதுதான் அன்றைய கணக்கை முடிக்க முடியும். ஒரு முறை மழை வந்து பாதியில் நின்ற பயிற்சியில் மூன்று உறை குறைந்துவிட்டது. ஒரு முழுப் பிளாட்டூனும் முழங்கால் சேற்றில் குனிந்து, கை விளக்கு வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை தடவினோம். இரண்டு கிடைத்தது. மூன்றாவது இன்னும் அந்தச் சேற்றுக்குள் எங்கேயோதான் இருக்கிறது. அது போக, பயிற்சி முடிந்து ஆட்கள் போனதும் ஊர்ப் பிள்ளைகள் வந்து துழாவுவார்கள், பழைய பித்தளைக்கு எப்போதும் விலை உண்டு. எல்லோர் கைக்கும் தப்பி சேற்றில் மிதிபட்டு உள்ளே போனதுதான் இன்றைக்கு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது படத்தில் இருக்கும் நேர்க்குழாயை "கழுத்து உடைந்து போனது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடையவில்லை என்று நினைக்கிறேன். வாய் விளிம்பு சுற்றிலும் சமமாக இருக்கிறது, அடி விளிம்பு 303-இன் அதே அளவு, நீளமும் ஏறக்குறைய அதேதான். 303 உறையைக் கழுத்து ஒடுக்காமல் அப்படியே நேராக விட்டால் என்ன வருமோ அதுதான் இது: 410 மஸ்கெட் தோட்டா. ராணுவத்தில் தேய்ந்து கழித்த ரைஃபிள்களின் குழலை உட்புறம் வழவழப்பாகக் கடைந்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றி, காவலுக்கும் பாராவுக்கும் கொடுத்தார்கள். தூரம் போகாது, பறிபோனாலும் ராணுவத் தோட்டாவை அதில் போட்டு உருப்படியாகச் சுட முடியாது, அரசாங்கத்துக்கு அது வசதி. இந்தியாவுக்கு வெளியே இதைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் வெளிநாட்டுப் பட்டியலை வைத்துத் தேடினால் குழம்பிப் போவீர்கள். பெரும்பாலும் இது என்று மட்டும் சொல்கிறேன். அடியெழுத்து படிக்க முடியாத நிலையில் இருக்கிறது, வாயின் உள்ளளவைச் சரியாக அளந்து அனுப்பினால் உறுதி செய்யலாம். ஆனால் இது உண்மையானால் ஒரு விஷயம் தெளிவாகிறது, அந்த இடத்தில் சுட்டவர்களில் போலீஸ் அல்லது காவல் பணியாளர்கள் இருந்திருக்கிறார்கள். பயிற்சித் தளம் என்ற என் எண்ணத்துக்கு இது இன்னும் வலு சேர்க்கிறது.

ஐந்தாவது பொருளைத்தான் நீங்கள் "ஏதோ துருப்பிடித்த வாஷர்" என்று கடைசியில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் பார்த்ததும் மற்ற நான்கும் மறந்துபோயிற்று. பத்தொன்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு இரும்பு வட்டு, நடுவில் பித்தளைக் கிண்ணம், ஓரத்தில் காகிதம் போல மெல்லிய பித்தளைத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வாஷர் இல்லை. வுல்விச் ஆயுதச் சாலையில் கர்னல் பாக்ஸர் வடிவமைத்த முதல் தலைமுறை உறையின் அடிப்பாகம் என்றே நினைக்கிறேன். அப்போது முழு உறையையும் ஒரே பித்தளையில் இழுத்துச் செய்யும் நுட்பம் கைகூடவில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி உடம்பாக்கி, அடியில் இரும்பு வட்டை வைத்து, நடுவில் பிரைமர் கிண்ணத்தை அடித்து இறுக்குவார்கள். மண்ணில் தகடு முதலில் நொறுங்கிவிடும், வட்டு மட்டும் மிஞ்சும். சுட்டுச் சூடேறிய குழலில் இந்தத் தகட்டு உறை சிக்கிக்கொள்கிறது என்ற புகார் 1885-இல் சூடானில் பெரிதாக எழுந்தது, அப்புறம் முழுப் பித்தளைக்கு மாறினார்கள்.

இது ஸ்நைடரா, 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றியா என்று வட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டின் அடி அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடியில் எழுத்து இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு சின்ன ஊகம் மட்டும் சொல்லலாம். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைக்காரச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான் கொடுப்பது என்று அரசு முடிவு செய்திருந்தது. வெள்ளையர் கையில் மார்ட்டினி இருந்தபோது நம்மவர் கையில் ஸ்நைடர். போலீஸுக்கு அதையும்விடப் பழசுதான் வரும். அந்தக் கணக்கில் சிவகங்கை மாதிரி ஊரில் ஸ்நைடராக இருக்கவே வாய்ப்பு அதிகம். எது ஆனாலும் உங்கள் ஐந்து பொருள்களில் மிகப் பழையது பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து இதைத் தண்ணீரில் போடாதீர்கள், இரும்பு. காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியிட்ட டப்பாவில் வையுங்கள்.

303 உறையின் கழுத்தில் நெடுக்காகக் கீறல் இருப்பதைப் பார்த்து "துப்பாக்கி வெடித்திருக்குமோ" என்று கேட்டிருந்தீர்கள். அப்படித் தோன்றவில்லை. இதற்கு நம் நாட்டோடு சேர்ந்த ஒரு பழைய கதையே உண்டு. பிரிட்டிஷ் படை இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது, மழைக்காலத்தில் யாரும் தொடாமலே உறைகள் கழுத்தில் பிளந்தன. மழைக்காலத்தில் வந்ததால் பருவ விரிசல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியாவும் ஈரமும், கழுத்தை ஒடுக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பதை 1921-இல்தான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆடு மாடு அடையும் கண்மாயில் அமோனியாவுக்கு என்ன பஞ்சம். கழுத்தில் நெடுக்கு விரிசல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். துப்பாக்கிக் கோளாறு என்றால் பெரும்பாலும் அடிவிளிம்புக்குச் சற்று மேலே குறுக்காக அறுந்திருக்கும்.

யார் சுட்டது, எந்த ரைஃபிள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. புதிய உறை என்றால் தடய அறிவியல் கூடத்தில் ஒப்பு நுண்ணோக்கியில் வைத்து, பிரைமரில் ஊசி குத்திய தடத்தைச் சந்தேகத் துப்பாக்கியின் தடத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். அதற்கு நுண்ணிய கீறல்கள் உயிரோடு இருக்க வேண்டும், ஒப்பிட அந்தத் துப்பாக்கியும் வேண்டும். உங்கள் உறைகளில் பச்சைக் களிம்பு ஏறி அந்தக் கீறல்கள் போய்விட்டன, துப்பாக்கியை என்றோ உருக்கியிருப்பார்கள். இந்தக் கதவு மூடிவிட்டது.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டா என்ற சொல்லுக்குள் வருகின்றன. காலி உறைதானே என்று சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே உயிருள்ள தோட்டாவைச் சொல்ல அழைக்கும்போதே மற்ற நான்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கிடைத்த இடம், தேதி, எண்ணிக்கை, படம் எல்லாம் வைத்து ஒரு மனு எழுதி ஸ்டேஷனிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரும்பு வட்டு நூறு வருடத்தைத் தாண்டியது என்பதை மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள், அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் துருப்பிடித்த வாஷர் என்று அவர்களும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

தாத்தாவிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். மருது பாண்டியர் கதையை அவர் யாரிடமோ கேட்டிருப்பார். ஆனால் அவருடைய சின்ன வயதில் கோடைக்காலத்தில் கண்மாய்க்குள் லாரி வந்து நின்றதா, காக்கிச் சட்டைக்காரர்கள் சிவப்புக் கொடி நட்டு, ஆடு மாடு ஓட்டி வராதே என்று தண்டோரா போட்டார்களா, சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பித்தளை பொறுக்கினாரா என்று கேளுங்கள். அது அவர் கண்ணால் பார்த்ததாக இருக்கும். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், இரண்டு ஓட்டையா ஒரு ஓட்டையா என்பதையும் சேர்த்து.